சண்டை போட ஒரு வீடு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, தலைப்பு என்ன என்று கேட்டார்கள். 'நகைச்சுவை நாவல்' என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'தோழர், இது நினைவு நிகழ்ச்சி' என்று மெதுவாக ஞாபகப்படுத்தினார்கள். யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவரோடு பழகியவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள். கூட்டத்தின் நடுவே பக்கத்து நாற்காலிக்காரர் காதில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, தான் மட்டும் கடுகடுவென்று மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாட்டிக்கொள்வது பக்கத்தில் இருக்கிறவர்தான். நான் மூன்று முறை மாட்டியிருக்கிறேன். அதனால் இந்தத் தலைப்பில் அவருக்கு ஆட்சேபம் இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

கல்யாணமாகிப் பல வருடமான ஒரு ஜோடிக்கு வரும் நெருக்கடி, அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நாவல். இதுதான் விஷயம். தமிழில் அப்படி ஒரு ஜோடி என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அப்புசாமியும் சீதாப்பாட்டியும். மாணவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1963-இல் குமுதத்தில் தொடங்கிய ஜோடி. எழுதியவர் பாக்கியம் ராமசாமி. அது புனைபெயர். உண்மையான பெயர் ஜ.ரா. சுந்தரேசன். சேலம் பக்கம் ஜலகண்டபுரத்துக்காரர், குமுதத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர், 2017-இல் மறைந்தார். பாக்கியம் அவருடைய அம்மா, ராமசாமி அவருடைய அப்பா. புனைபெயரே ஒரு கணவன் மனைவி. அதிலும் மனைவி பெயர்தான் முன்னால் நிற்கிறது.

கதைகளிலும் அப்படித்தான். சீதாப்பாட்டி நாலு பேருக்கு முன்னால் இங்கிலீஷ் பேசுகிறவர், பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி. அறுபதுகளில் தமிழ்நாட்டில் 'முன்னேற்றக் கழகம்' என்ற சொல்லுக்கு என்ன எடை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புசாமி மூக்குப்பொடி போடுகிறவர், கையில் காசில்லாதவர், மனைவியை ஒருநாளாவது ஜெயித்துவிட வேண்டும் என்று திட்டம் போடுகிறவர். கூட்டாளிகள் ரசகுண்டுவும் பீமாராவும். திட்டம் தலைகீழாகக் கவிழும். கிழவர் திரும்ப வீட்டுக்கு வருவார். அடுத்த கதையில் மறுபடி முதலிலிருந்து. ஓவியர் ஜெயராஜ் வரைந்த அந்த இரண்டு உருவங்களுக்கு நாற்பது ஐம்பது வருடமாக வயது ஏறவே இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் உங்களுக்குத் தெரியும். பெரிய தெருவைச் சுற்றிச் சந்து சந்தாக, ஓர் அறைக்கு மூன்று கட்டில், நான்கு கட்டில். வேலை தேடி வந்த பையன்கள், வேலை கிடைத்தும் வீடு கிடைக்காத பையன்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி நிறையச் சிரிப்புக் கதைகள் வந்திருக்கின்றன. எங்கம்மா அப்படி இரண்டு மேன்ஷன்களில் பெருக்கித் துடைத்து, கக்கூஸ் கழுவும் வேலை செய்தார். சிரிப்புக் கதைகளில் அந்த அம்மா வந்து நான் படித்ததில்லை. போகட்டும். பையன்கள் படித்துப் போட்ட பழைய வாரப் பத்திரிகைகளை அம்மா சேர்த்துக் கட்டி எடுத்துவருவார். எடைக்குப் போடத்தான். ஆனால் போடுவதற்கு முன்னால் அது நைனா கைக்குப் போகும்.

நைனா அச்சுக்கோர்ப்பவர். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி அச்சகங்களில் ஈய எழுத்து பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி எல்லாம் கறுத்துப்போனவர். அந்தத் தொழில்காரர்கள் எழுத்தைத் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் படிப்பார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி சாப்பிட்ட பிறகு நைனா அப்புசாமி கதையைச் சத்தமாகப் படிப்பார். சீதாப்பாட்டியின் இங்கிலீஷுக்கு ஒரு குரல், அப்புசாமிக்கு ஒரு குரல். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறும். பக்கத்துக் குடிசையில் இருந்து, 'யக்கா, இன்னா சொல்லுது கெயவி, கொஞ்சம் ஒரக்கப் படிக்கச் சொல்லு' என்று குரல் வரும். நடுவில் இருந்தது ஓலைத் தட்டிதானே.

ஒருநாள் அம்மா சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: 'யோவ், இந்தம்மா கூட்டம் கூட்டம்னு பூடுதே, அது வூட்ல ஏனம் கய்வுறது யாரு?' நைனா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'அத்தெல்லாம் போடலமே' என்றார்.

நான் இலக்கியம் படித்தது, விமர்சனம் படித்தது, ஏன் இந்த மேடைக்கு வந்தது எல்லாமே அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என்று சொன்னால் அது மிகை. அப்போது எனக்குப் பத்து வயது, தூக்கம் வந்தது. ஆனால் பின்னாளில் அந்தக் கேள்வி என்னைத் துரத்தியது. அதுபோலவே, 'அப்புசாமியும் ஆப்பிரிக்க அழகியும்' என்று ஒரு நாவல். தலைப்பைச் சொன்னதும் சிரித்துவிடுவோம். எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. இதற்காக அந்த எழுத்தாளரைக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. என் அம்மாவைச் சிரிக்க வைத்தவர் அவர். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. குடும்பச் சிரிப்புக் கதைக்கு மூலதனம் என்ன? கோபித்துக்கொண்டு வெளியே போக வேண்டுமானால் திரும்பி வர ஒரு வாசல் இருக்க வேண்டும். கதவைப் படாரென்று சாத்த வேண்டுமானால் முதலில் கதவு வேண்டும். தேவனுடைய 'ராஜத்தின் மனோரதம்' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் ஆசைக்காகச் சொந்த வீடு கட்டப் புறப்பட்டு ஒரு மனிதர் படுகிற பாடு. செங்கல், மேஸ்திரி, செலவு எல்லாமே சிரிப்பு. ஏன் சிரிக்க முடிகிறது? எவ்வளவு இழுத்தடித்தாலும் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. படிக்கிறவருக்கு அந்த உத்தரவாதம் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இதே திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வருகிறார் புதுமைப்பித்தனின் கடவுள். கந்தசாமிப் பிள்ளை அவரை வீட்டுக்கு அழைத்துப்போகிறார். அங்கே காசுக்குத் தட்டுப்பாடு உண்டு, சலிப்பு உண்டு, விருந்தாளி கடவுளே ஆனாலும் இலை போட வேண்டிய மனைவி உண்டு. வறுமையிலும் நகைச்சுவை எழுதலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தமிழில் இல்லை. ஆனால் அங்கேயும் பாருங்கள், கடவுளைக் கூட்டிக்கொண்டு போகப் பிள்ளைக்கு ஒரு வீடு இருக்கிறது. பட்டாவும் வாடகை ரசீதும் இல்லாத கால்வாய்க் கரைக்குக் கடவுள் வந்திருந்தால் கணக்கெடுப்பில் அவர் பெயர் சேராது.

நம் இலக்கியத்துக்கு வருகிறேன். கல்யாணமாகிப் பல வருடமான ஜோடி, நெருக்கடி என்றால் நம்மிடம் இருக்கும் பெரிய நாவல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. ஆரோக்கியமும் சவுரியும். சேரிக்கே துணி வெளுக்கிற வண்ணார் குடும்பம். ஊர்ச்சோறும் களத்து நெல்லும் குறைய, பிள்ளைகள் ஒவ்வொருவராக விலக, கிழவனும் கிழவியும் மிஞ்சுகிறார்கள். தலித்துகளுக்கு உள்ளேயே இருக்கும் படிநிலையைக் காட்டியதற்காக அந்த நாவல் நம்மவர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தச் சண்டைக்குள் இன்றைக்குப் போகவில்லை. என் வாசிப்பில் அதன் ஒப்பாரிதான் காதில் நிற்கிறது, சிரிப்பு நிற்கவில்லை. ஆரோக்கியத்துக்கு வாய் உண்டு, கோபம் உண்டு. சவுரி பொறுமைசாலி. இந்த இருவரும் அத்தனை வருடத்தில் ஒருநாளாவது ஒருவரையொருவர் கேலி செய்து விழுந்து விழுந்து சிரித்திருக்க மாட்டார்களா? சிரித்திருப்பார்கள். அதை எழுத அன்றைக்கு நேரமில்லை. வீடு எரியும்போது 'எரியுது' என்றுதான் கத்த முடியும்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நாம் எழுதியது பெரும்பாலும் வாக்குமூலம். வாக்குமூலத்தில் சிரிப்பு வந்தால் சாட்சி கெட்டுவிடும் என்று பயந்தோம். நானும் பயந்தேன். சிறுபத்திரிகையில் வந்த என் முதல் கதையில் எங்கம்மா அழுதுகொண்டே இருப்பார். நைனா அதைப் படித்துக்காட்டினார். அம்மா கேட்டது ஒன்றுதான்: 'நான் எப்படா இத்தினி அய்தேன்?'

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பாமாவின் 'சங்கதி'யில் ராக்கம்மாவை நினைத்துப் பாருங்கள். அடிக்க வரும் புருஷனிடமிருந்து தெருவுக்கு ஓடிவந்து, வாயில் வந்ததையெல்லாம் பேசி, கடைசியில் கூட்டத்துக்கு முன்னால் சேலையைத் தூக்கிக்காட்டுகிறாள். அவன் பின்வாங்குகிறான். தெரு வாய் பிளந்து வேடிக்கை பார்க்கிறது. அப்படிச் செய்திருக்காவிட்டால் அடியிலேயே செத்திருப்பேன் என்கிறாள் அவள். அப்புசாமி வீட்டிலும் கணவன் மனைவி சண்டைதான், இதுவும் கணவன் மனைவி சண்டைதான். ஒன்றில் தோற்றால் மானம் போகும். இன்னொன்றில் தோற்றால் உயிர் போகும். 1996-இல் வந்த பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. கிசும்பு என்பது குறும்பு, நக்கல், ஏறுக்குமாறு எல்லாம் சேர்ந்தது. முதலாளியை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்ட குற்றத்துக்கு ஊரே கூடுகிற கதை அதில் இருக்கிறது. நம் வகுப்பறைகளில் 'கருக்கு' படிக்கப்பட்ட அளவுக்கு 'கிசும்புக்காரன்' படிக்கப்படவில்லை என்பது என் வருத்தம். அழுகிற தலித்துக்குப் பாடத்திட்டத்தில் சீக்கிரம் இடம் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் ராஜ் கௌதமன். 2024 நவம்பரில் அவரை இழந்தோம். 'சிலுவைராஜ் சரித்திரம்', அதற்கடுத்து 'காலச்சுமை'. முதலாவதில் பையன் வளர்ந்து, படித்து, வேலைக்காகச் சாதிச் சான்றிதழோடு மல்லுக்கட்டுகிறான். கிறிஸ்தவன் என்பதால் சலுகை இல்லை என்றதும், மதத்தையே மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். இரண்டாவதில் வேலை, கல்யாணம், குடும்பம். சிலுவை தன்னைத்தானே ஒரு பக்கம்கூட விட்டுவைக்காமல் கிண்டல் செய்கிறான். சான்றிதழ் வாங்குவதற்காக மதம் மாறுவது சோகமா, கேலிக்கூத்தா? சட்டம் அப்படி இருக்கும்போது இரண்டும்தான். 'தலித் பண்பாடு' என்று 1993-இலேயே ஆய்வு நூல் எழுதியவர், நாவலில் ஆய்வாளருக்கு உரிய மரியாதையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டார். அவர் திறந்த வழியில் பின்னால் நடந்தவர்கள் குறைவு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எழ வேண்டும். 'நம்மைப் பார்த்து இதுவரைக்கும் சிரித்தது போதாதா?' தமிழ் சினிமாவில் உதை வாங்கிச் சிரிக்க வைக்கிற உடம்பு யாருடைய உடம்பு, யாருடைய பேச்சு 'கொச்சை' என்று கைதட்டல் வாங்குகிறது என்று நமக்குத் தெரியும். மெட்ராஸ் பாஷை பேசினாலே காமெடியன் என்று வைத்திருக்கிறார்கள். என் அம்மாவின் மொழியை நான் இந்த மேடையில் பேசும்போது சிலர் சிரித்தீர்கள். எந்தச் சிரிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஆட்சேபம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937-இல் ஒரு நாவல் எழுதினார். 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. அதில் ஜானி என்ற பெண் இருபது வருடம் போல ஒரு பெரிய மனிதருக்கு மனைவியாக, அவருடைய கடையில் வாய் மூடி நிற்கிறாள். கடைத் திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். அவளுக்கு அதில் இடம் கிடையாது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் கணவர் அவளுடைய வயதையும் உடம்பையும் இளக்காரம் செய்கிறார். அவள் திருப்பி ஒரே ஒரு கிண்டல் சொல்கிறாள். கடையே அதிர்கிறது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. இதைப் படித்துவிட்டு ரிச்சர்ட் ரைட், அவரும் பெரிய கறுப்பின எழுத்தாளர், அதே வருடம் கடுமையாகத் தாக்கினார். வெள்ளைக்காரர்கள் சிரிப்பதற்காகக் கறுப்பர்களை வேடிக்கை காட்டுகிறார் ஹர்ஸ்டன் என்பது குற்றச்சாட்டு. ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல்கூட இல்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் போய்த் தேடிக் கல் நட்டார். ரைட் முட்டாள் இல்லை. அவருடைய பயம் நியாயமான பயம். ஆனால் அந்தத் திண்ணையில் கறுப்பர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யார் ஒட்டுக்கேட்கிறார் என்பதற்காக அவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்மிடமும் 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தபோது, வசையாக எறிந்ததை எடுத்து முகப்பில் ஒட்டியதில் ஒரு கிசும்பு இல்லையா?

இனி, எழுதப்படாத ஒரு நாவலின் கதையைச் சொல்கிறேன். எழுத வேண்டியவன் நான். இருபது பக்கத்துக்கு மேல் போகவில்லை. நீங்கள் யாராவது எழுதினால் எனக்கு மகிழ்ச்சி.

எங்கள் குடிசை பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன் அங்கே கணக்கெடுக்க வந்தார்கள். நகரத்தின் நடுவில் இருந்த ஏழைகளை கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனது நீங்கள் அறிந்ததே. எங்களுக்கு வந்தது பெரும்பாக்கம். இருபது கிலோமீட்டருக்கு மேல். அம்மா போகலாம் என்றார். காரணம் ஒன்றே ஒன்று, உள்ளேயே கக்கூஸ். முப்பது வருடம் ஊரார் கக்கூஸைக் கழுவியவருக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று இருந்தது. நைனா வர முடியாது என்றார். அச்சுக்கோர்க்கும் வேலை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பில் புத்தகத்துக்கு நம்பர் போடுவது, பைண்டிங் செய்வது என்று ஒரு கடையில் ஒட்டிக்கொண்டிருந்தார். திருவல்லிக்கேணியை விட்டால் தனக்கு யாரையும் தெரியாது, தன்னையும் யாருக்கும் தெரியாது என்பது அவர் வாதம்.

வீடு அம்மா பெயரில். ரேஷன் அட்டை மாறியபோது நைனா பெயர் அதில் விடுபட்டிருந்தது. அவர் கணவர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அவர்களுக்கு 1975-இல் நடந்தது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, போட்டோவும் இல்லை. மாலை, அண்ணல் படம், இரண்டு தலைவர்களின் நீண்ட பேச்சு, அவ்வளவுதான். மிஞ்சிய ஒரே ஆதாரம் கல்யாணப் பத்திரிகை. நைனாவே ராத்திரி கண்விழித்துக் கோர்த்து, டிரெடில் மெஷினில் ஓட்டியது. பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். அந்த இளைஞர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். 'பெரியவரே, இதுல இந்தம்மாதான் மாப்பிள்ளைன்னு போட்டிருக்கு' என்றார்.

உண்மைதான். ஊருக்கெல்லாம் பிழையில்லாமல் கோர்த்த மனிதர், தன் கல்யாணப் பத்திரிகையில் 'மணமகன்' என்பதற்குக் கீழே அம்மா பெயரையும் 'மணமகள்' என்பதற்குக் கீழே தன் பெயரையும் கோர்த்துவிட்டார். தூக்கக் கலக்கமாக இருக்கலாம். நாற்பது வருடத்துக்கு மேலாக அதை யாரும் கவனிக்கவில்லை, இல்லை, கவனித்தும் சொல்லவில்லை. நைனா முகம் செத்துப்போயிற்று. வீடு போனதைவிடப் பிழை விட்டதுதான் அவருக்குப் பெரிது. அம்மா மட்டும் நிதானமாகச் சொன்னார்: 'தப்பு இன்னா கீது? இத்தினி வருசமா வேலைக்குப் போயி சோறு போட்டது யாரு? அச்சு ஒயுங்காத்தான் கீது.' பிறகு அந்தப் பையனிடம், 'இந்தாளு யாருன்னே தெரியாதுன்னு எய்திக்கோ நைனா' என்று சேர்த்துக்கொண்டார். அது நைனாவுக்கு வலித்தது. அவர் பேசாமல் எழுந்து போனார்.

கல்யாணமாகி நாற்பது வருடத்துக்குப் பிறகு இருவரும் பிரிந்தது அப்படித்தான். அம்மா பெரும்பாக்கத்தில் நான்காவது மாடி. நைனா பைண்டிங் கடையில் பேப்பர் ரீம்களுக்கு நடுவே பாய். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு விருந்துக்குப் போவதுபோல் போவார். சாப்பிடுவார், பேச மாட்டார், திரும்பிவிடுவார். 'யாரு இது வாரா வாரம் வந்துட்டுப் போறது?' என்று எதிர் வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. அம்மாவுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. எனவே விடிவதற்கு முன்னால் முதல் பஸ் பிடித்து அதே திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கே வருவார். இப்படி எத்தனை ஆயிரம் பெண்கள் அந்தச் சாலையில் வந்துபோனார்கள், போகிறார்கள். வீட்டை மட்டும்தான் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள், வேலையை அல்ல. வேலைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. அங்கே நைனா இரண்டு டீ சொல்லிவிட்டு நிற்பார். வீட்டில் பேசாதவர்கள் அங்கே அரை மணி நேரம் பேசுவார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தபோது, 'அம்மாவும் அப்பாவும் லவ் பண்றாங்க தம்பி' என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ் நின்றது. மேன்ஷன்கள் காலியாயின. கடையைப் பூட்டிவிட்டார்கள். நான் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை நைனா ஒரு பையில் நம்பர் போடும் மெஷினையும் இரண்டு வேட்டியையும் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பாதித் தூரம் நடை, மீதித் தூரம் ஒரு காய்கறி வண்டி. மத்தியானம் போய்ச் சேர்ந்து, நான்கு மாடி ஏறி, கதவைத் தட்டியிருக்கிறார். எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்து, 'யாருக்கா?' என்று கேட்டார்களாம். அம்மா அவர்களிடம் சொன்னது இது: 'பொண்ணு பூந்த வூட்டுக்கு வந்துகீது. ஆரத்தி தட்டு கீதா உங்க வூட்ல?'

போனில் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பின்னால் நைனாவின் குரல் கேட்டது: 'போதும் வைமே.' அதற்கு அப்புறம் அவர்கள் சண்டையை நிறுத்தவில்லை. கதவைச் சாத்துகிற சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்கும் என்கிறார் என் தங்கை. கதவு இருக்கிறதல்லவா.

இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒதுக்கீட்டுத் தாளில் நைனா பெயர் இன்னும் சேரவில்லை. அம்மாவுக்கு முன்னே பின்னே ஏதாவது ஆனால் அந்த வீட்டில் அவர் யார் என்ற கேள்வி மறுபடி வரும். அதனால் அலைந்துகொண்டிருக்கிறேன்.

பத்திரிகையை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். காகிதம் நொறுங்குகிறது, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். கைமாற்றிப் பாருங்கள். எழுத்தின் அழுத்தத்தைப் பார்க்கலாம், கை தேர்ந்த வேலை. பார்த்துவிட்டுத் தயவுசெய்து மேடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஆபீசில் ஒரிஜினலைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.